பிதாவுக்கு வலிக்காது

அந்தக் கோடையில், கடவுள் எப்படிப்பட்டவர் என்று சங்கம் கூடி முடிவு செய்வதற்காக ஆயர்கள் எங்கள் சாலை வழியாக மேற்கே போனார்கள். முடிவு செய்யாமல் கிழக்கே திரும்பினார்கள். அவர்கள் போகும்போது எங்களிடம் நாற்பது கோவேறு கழுதைகள் இருந்தன. திரும்பிப் போன பிறகு இருபத்து மூன்று இருந்தன.

கலாத்தியா மேட்டில், கார்மியா என்ற இடத்தில், பேரரசரின் சாலையில் வண்டிக் கழுதை மாற்றும் நிலையம் எங்களுடையது. என் கணவர் சோதிகோஸ் கழுதைகளுக்குப் பொறுப்பு. நான் சமையல். பேரரசரின் முத்திரை வைத்த சீட்டு இருப்பவர் யாரானாலும் களைத்த கழுதைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் புதியவற்றைப் பூட்டிக்கொண்டு போகலாம். சீட்டு இல்லாதவர் சாகக் கிடந்தாலும் நடக்க வேண்டும்.

முன்பு சீட்டோடு வந்தவர்கள் படைத்தலைவர்களும் வரி அதிகாரிகளும்தான். அவர்கள் கழுதைகளை அடிப்பார்கள், ஆனால் ஒரு வண்டியில் போய்விடுவார்கள். ஆயர்கள் கழுதைகளை அடிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயரோடும் இரண்டு திருத்தொண்டர்கள், ஒரு வாசகர், ஒரு சுருக்கெழுத்துக்காரர், நான்கு பெட்டி புத்தகம், பிறகு மற்ற ஆயர்கள் போன தடவை என்ன சொன்னார்கள் என்பதை ஞாபகம் வைத்திருப்பதற்கென்றே ஒரு ஆள்.

"சீட்டுல ஒருத்தர்னுதானே போட்டிருக்கு ஆண்டகை?" என்று சோதிகோஸ் ஒரு ஆயரிடம் கேட்டார்.

"ஒருத்தர்ங்கறத அவ்வளவு சுலபமா சொல்லிட முடியுமாப்பா?" என்றார் ஆயர். "அதுக்குத்தானே இவ்வளவு தூரம் போறோம்."

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கடவுள் ஒருவர் என்பதிலும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்பதுதான் வழக்கு. சுதன் பிதாவுக்குச் சமம் என்று ஒரு கட்சி. ஒரு படி குறைவு என்று ஒரு கட்சி. பேரரசர் இரண்டு கட்சிக்கும் சீட்டு கொடுத்திருந்தார்.

கிரில்லா எங்கள் மகள். வயது பதினொன்று. வேறு பிள்ளைகள் இல்லை. ஆயர்கள் வர ஆரம்பித்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

எங்கள் நிலையத்தில் கழுதைகளுக்கு வைத்தியர் உண்டு. மனிதர்களுக்கு இல்லை. கழுதை வைத்தியர் ஐந்தாம் நாள் வந்து அவள் ஈறைப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார், வெளியே வந்து கைகழுவினார்.

"மனுசங்களப் பத்தி எனக்குத் தெரியாது அப்பியா," என்றார் என்னிடம். "கழுதையா இருந்தா இன்னும் ஒரு பத்து நாள்னு சொல்லுவேன்."

கிரில்லா இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. நானும்தான். எங்கள் பக்கத்தில் யாரும் சீக்கிரம் பெறுவதில்லை. பாவங்கள் எல்லாம் ஒரே ஒரு தடவைதான் கழுவப்படும். அதனால் கூடிய மட்டும் கடைசிக்கு ஒத்திப்போடுவோம். சோதிகோஸ் மட்டும் பெற்றிருந்தார். நான்கு வருடம் முன்பு ஒரு கழுதை அடிவயிற்றில் உதைத்து, பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் கைவிட்டபோது, எங்கள் மாநகர ஆயர் அந்த வழியாக வந்தார். அவரே தண்ணீர் ஊற்றினார். மறுநாள் சோதிகோஸ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். இனிமேல் பாவம் செய்தால் கழுவ வழியில்லை என்பதால் அன்றிலிருந்து அவர் கழுதைகளைத் திட்டுவதில்லை. கழுதைகள் இதைத் தெரிந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின் பாதியில், "காத்திருப்போர் வெளியே போகலாம்" என்று ஒரு குரல் வரும். ஞானஸ்நானம் பெறாதவர்கள் வெளியே வந்துவிடுவோம். கதவு சாத்தப்படும். பெற்றவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது. சொல்வதும் குற்றம். நான் வெளியே வந்ததும் அடுப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். கிரில்லா கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"உள்ள என்னப்பா பண்றீங்க?" என்று நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோதிகோஸ் பேச்சை மாற்றுவார். ஒரு தடவை அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அப்போதும் அவர் சொல்லவில்லை.

கழுதை வைத்தியர் போன பிறகு அவள் கேட்டாள். "அம்மா, நான் செத்துட்டா வெளியவே நின்னுட்டிருப்பேனா?"

அதனால்தான் நான் எங்கள் ஊர் குருவானவர் தோம்னோஸிடம் போனேன்.

தோம்னோஸ் நல்லவர். தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாது அப்பியா."

"ஏன் சாமி? தண்ணி இருக்கு. புள்ள இருக்கா. நீங்க இருக்கீங்க."

"நான் இருக்கேனான்னுதான் தெரியல," என்றார். "பெரிய வியாழன் அன்னிக்கு ஒரு ஆயர் ஒரு விசுவாசப் பிரமாணம் அனுப்பினார். சுதன் சமம்னு. கையெழுத்துப் போட்டேன். பெந்தெகொஸ்தேக்கு இன்னொருத்தர் அனுப்பினார். ஒரு படி குறைவுன்னு. அதுலயும் போட்டேன்."

"ரெண்டுலயுமா?"

"கொண்டுவந்தவன் நின்னுட்டிருந்தான்மா. வெயில் வேற." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்காக இவர் என்னைத் தள்ளி வச்சார். இதுக்காக அவர் தள்ளி வச்சார். சங்கம் முடியற வரைக்கும் இந்தக் கை கை இல்ல. இதால ஊத்தினா அது வெறும் தண்ணி."

பூண்டு பிடுங்க அந்தக் கை போதுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

"நாளைக்கு ஆயர்கள் வர்றாங்களே," என்றார் தோம்னோஸ். "இருபது பேர்னு கேள்வி. அவ்வளவு பேர்ல ஒருத்தருக்காவது கை இருக்காதா?"

முதலில் வந்தவர் ஆயர் எவெத்தியோஸ். சமம் என்ற கட்சியில் பெரியவர். ஒல்லியாக, மிகவும் மரியாதையாகப் பேசுபவராக இருந்தார். முற்றத்தில் நின்றபடியே ரொட்டியும் வெங்காயத்தாளும் சாப்பிட்டார். சோதிகோஸ் அவர் முன்னால் முழங்காலிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எழுந்திரு எழுந்திரு," என்றார் ஆயர். "கேக்கவே கஷ்டமா இருக்கு. பதினோரு வயசா? ஐயோ. ஆனா நீயே சொல்லு, எந்த வார்த்தையச் சொல்லி ஊத்தறது?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலேன்னு எனக்கு ஊத்தினாங்க ஆண்டகை."

"வார்த்தை அதேதான். அதுல தகராறே இல்ல. அர்த்தம்தான் இன்னும் வரல. சங்கத்துல இருந்து வரணும்."

சோதிகோஸ் யோசித்தார். "வார்த்தைய இப்ப சொல்லிடுங்க. அர்த்தம் வந்ததும் பின்னாடி சேத்துக்கலாமே?"

ஆயர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை அவர் மதித்தார் என்று நினைக்கிறேன். வெங்காயத்தாளைக் கீழே வைத்தார்.

"இப்ப பாரு. நான் ஊத்திடறேன். அடுத்த மாசம் சங்கம் ஒரு படி குறைவுன்னு தீர்ப்புச் சொல்லிடுதுன்னு வை. அப்ப உன் புள்ள யாருக்குள்ள முங்கினா? நான் நினைச்ச மூணு பேர் இல்ல, வேற யாரோ மூணு பேர். முன்பின் தெரியாத மூணு பேரோட உன் பொண்ணை நான் அனுப்பி வச்ச மாதிரி ஆயிடும். நீ தகப்பன். நீ அதுக்கு ஒத்துக்குவியா?"

"மாட்டேன் ஆண்டகை," என்றார் சோதிகோஸ், பயந்துபோய்.

"பாத்தியா. உனக்கே புரியுது. அவசரப்பட்டா அவளுக்குத்தான் அநியாயம் பண்றோம். நாங்க இவ்வளவு வேகமா போறதே உன் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்காகத்தான்."

வேகமாகப் போவதற்கு எட்டு நல்ல கழுதைகளைக் கேட்டார். புறப்படும் முன் கழுதைகளை ஆசீர்வதித்தார். கழுதைகளை ஆசீர்வதிப்பதில் கட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாளில் பதினெட்டு ஆயர்கள் வந்தார்கள். சோதிகோஸ் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டார். ஒருவர் கட்சி மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததால் அந்த வாரம் எதுவும் செய்வதில்லை என்றார். ஒருவருக்கு இது வேறொரு ஆயரின் எல்லை, அந்த ஆயர் யார் என்பது சங்கத்தில் ஆறாவது வழக்கு. ஒருவர் காது கேளாதவர், சோதிகோஸின் தலையில் கை வைத்து நல்ல கழுதை என்றார்.

கடைசியாக வந்தவர் ஆயர் பிலாக்ரியோஸ். ஒரு படி குறைவு என்ற கட்சி. கனத்த உடம்பு. சத்தமாகச் சிரிப்பார். சோதிகோஸ் முழங்காலிடுவதற்குள், "எங்க புள்ள? வாங்க போலாம்," என்று அவரே நடக்க ஆரம்பித்தார். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"அர்த்தம் இன்னும் வரலயே ஆண்டகை?" என்று சோதிகோஸ் பின்னாலேயே ஓடினார்.

"யார் சொன்னா? எவெத்தியோஸா? அவருக்கு வரல. எனக்கு எப்பவோ வந்தாச்சு. ரெண்டு கேள்வி கேப்பேன், பதில் சொல்லட்டும், ஊத்திடுவேன். அவ்வளவுதான்."

அறையில் கிரில்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை நான் காலையில்தான் வாரிவிட்டிருந்தேன். ஆயர் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது, அவள் சிரித்தாள். சுருக்கெழுத்துக்காரர் வாசலில் மெழுகுப் பலகையோடு நின்றுகொண்டார். ஆயர் பேசுவது எங்கே ஆனாலும் எழுதப்பட வேண்டும் என்பது விதி.

"பிதாவும் சுதனும் யாரும்மா?"

"அப்பாவும் பிள்ளையும்."

"அருமை. யார் பெரியவர்?"

கிரில்லா யோசித்தாள். "அப்பா. இப்போதைக்கு."

ஆயர் சத்தமாகச் சிரித்தார். "இப்போதைக்குங்கறத எழுதாத," என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். "சரி, சிலுவையில யாருக்கு வலிச்சது?"

"பிள்ளைக்கு."

"பிரமாதம்."

"அப்பாவுக்கும் வலிச்சிருக்கும்," என்றாள் கிரில்லா.

வாசலில் எழுத்தாணி நின்றது. ஆயர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை.

"இல்லம்மா. பிதாவுக்கு வலிக்காது."

"ஏன்?"

"அவருக்கு வலிக்க முடியாது. அவர் மாறாதவர். பிதாவுக்கும் வலிச்சதுன்னு நம்ம தாத்தாவோட தாத்தா காலத்துல சில பேர் சொன்னாங்க. அவங்களை எல்லாம் சபையை விட்டுத் துரத்தியாச்சு. இதுல எங்களுக்கும் எவெத்தியோஸ் கூட்டத்துக்கும்கூடச் சண்டை கிடையாது. எல்லாக் கட்சியும் ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

"நேத்து எனக்குக் குளிர் எடுத்தப்ப எங்கப்பா சுவத்துல தலைய முட்டிக்கிட்டார்," என்றாள் கிரில்லா.

"அது மனுச அப்பாம்மா. அவருக்கு வலிக்கும். பரலோகப் பிதா அப்படி இல்ல. பிள்ளை சிலுவையில தொங்கறப்பவும் அவர் எப்பவும்போல நிறைவா, அமைதியா, ஒரு குறையும் இல்லாம இருந்தார்."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"அப்ப அந்தப் பிள்ளை பாவம்," என்றாள்.

எழுத்தாணி வேகமாக ஓடும் சத்தம் கேட்டது.

ஆயர் எழுந்து சோதிகோஸை ஓரமாக அழைத்துப்போனார். அறை சின்னது, அதனால் ஓரம் என்பது இரண்டு அடி. "ஒண்ணும் தெரியாத பிள்ளைக்கு ஊத்தலாம்," என்றார். "தப்பாத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஊத்தக்கூடாது. அதுதான் சட்டம். 'பிதாவுக்கு வலிக்கவில்லை'ன்னு ஒரு வரி சொல்லச் சொல்லு. நான் காத்திருக்கேன். ஆனா வெயில் ஏறறதுக்குள்ள நான் கிளம்பணும்."

சோதிகோஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லிடு கண்ணு. ஒரே ஒரு வரி."

"பொய் சொல்லி வாங்கினா கழுவினதே வீணாயிடாதா அப்பா?"

"பொய் இல்லம்மா. ஆண்டகைக்குத் தெரியாதா? வலிக்காதாம்." அவர் எழுந்து நின்றார். தோளை நிமிர்த்திக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதோ என்னையே பாரு. எனக்கு ஏதாவது வலிக்குதா? பாரு. ஒண்ணும் வலிக்கல."

கிரில்லா பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். "உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா," என்றாள்.

அவள் சொல்லவில்லை. ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவருக்கு நாங்கள் மனிதர்கள் என்று தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது கழுதைகளை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் ஏழு முடிந்திருந்தது. சாலை அமைதியாகிவிட்டது. சோதிகோஸ் தோம்னோஸிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"சாமி, நானே ஊத்தினா ஆகாதா?"

"ஆபத்துன்னா, ஞானஸ்நானம் வாங்கின எவனும் கொடுக்கலாம்னு சில ஊர்ல சொல்றாங்க," என்றார் தோம்னோஸ் மெதுவாக. சோதிகோஸின் முகம் மலர்ந்தது. "ஆனா நீ வாங்கினது யார் கையால?"

எங்கள் மாநகர ஆயர் கையால். அந்த ஆயர் இரண்டு வருடம் முன்பு பதவி நீக்கப்பட்டு ஏதோ ஒரு தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவர் தன் நாளில் ஊற்றியதெல்லாம் செல்லுமா என்பது சங்கத்தில் ஒன்பதாவது வழக்கு.

"அப்ப நான் வாங்கினவனா, வாங்காதவனா?"

"சங்கம் முடிஞ்சா தெரியும்."

"இப்ப நான் யாரு சாமி?"

தோம்னோஸ் அவருக்கு ஒரு கட்டு பூண்டு கொடுத்தார்.

நிலையத்துக்குத் திரும்பி வந்ததும் ஒரு கழுதை சோதிகோஸின் காலை மிதித்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் அதைத் திட்டினார். நீளமாக, ஒன்றும் விடாமல், அதன் தாய்வழி தந்தைவழி எல்லாம் சேர்த்துத் திட்டினார். பிறகு ஒரு வாளியை எடுத்துக் கழுதைத் தொட்டியில் தண்ணீர் மொண்டார். அன்று வியாழக்கிழமை, நடுப்பகல். வேறு சுத்தமான தண்ணீர் அந்த நேரத்தில் இல்லை.

அவர் அந்த வார்த்தைகளைச் சொல்லி மூன்று தடவை ஊற்றினார். குரல் உடையவில்லை. கிரில்லா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூக்கில் தண்ணீர் போய் இருமினாள். நான் துடைத்துவிட்டேன்.

"இப்ப உள்ள போலாமா அப்பா?"

"போலாம்மா. ஞாயித்துக்கிழமை போலாம்."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே," என்றாள். கணக்கில் அவள் கெட்டி.

சோதிகோஸ் என்னைப் பார்த்தார். "அப்பியா," என்றார். "நீ கொஞ்சம் வெளிய இரு."

எனக்குப் புரிந்தது. நான் ஞானஸ்நானம் பெறாதவள். என் மகள் பெற்றுவிட்டாள். நான் வெளியே வந்தேன். அவர் கதவைச் சாத்தினார். அதுதான் முறை.

உள்ளே அவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். வார்த்தை எதுவும் கேட்கவில்லை. நான் காதை வைத்துக் கேட்கவும் இல்லை. முற்றத்தில் கழுதைகள் நின்றன. அவற்றின் முதுகில் சேணம் உராய்ந்த புண்களில் ஈ மொய்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கிரில்லாவின் குரல் கேட்டது.

"அவ்வளவுதானா அப்பா?"

அவர் ஏதோ சொன்னார்.

"ம். நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

கதவு திறக்க நேரம் ஆயிற்று. திறந்தபோது சோதிகோஸின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடைசியாக அவள் பக்கத்தில் நான் இல்லை. விதிப்படி நான் இருக்க முடியாது.

கோடையில் அடக்கத்துக்குக் காத்திருக்க முடியாது. எங்கள் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கோயிலுக்குக் கிழக்கே கிடப்பார்கள். பெறாதவர்கள் சாலைக்கு அந்தப் பக்கச் சரிவில். தோம்னோஸ் அழுதார். கிழக்கே இடம் கொடுக்கும் அதிகாரம் அந்தக் கைக்கு இல்லை என்றார். அந்தக் கையாலேயே சரிவில் குழி வெட்ட உதவினார்.

இரண்டு மாதம் கழித்து ஆயர்கள் திரும்பினார்கள். சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு ஊரில் உட்கார்ந்து, ஒன்றையொன்று நீக்கியிருந்தது. எவெத்தியோஸும் பிலாக்ரியோஸும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் போதுமான கழுதைகள் இல்லாததால் இருவரும் தங்க வேண்டியதாயிற்று. எங்களிடம் ஒரே மேசைதான் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து என் பருப்பைச் சாப்பிட்டார்கள்.

சோதிகோஸ் மேசையருகே போய் நின்றார். மகளைச் சரிவிலிருந்து கிழக்கே மாற்ற வேண்டும், இறந்தோர் பெயர் வாசிக்கும்போது அவள் பெயரையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டார். தான் ஊற்றியதையும் சொன்னார்.

"அந்தப் பொண்ணா!" என்று பிலாக்ரியோஸ் எழுந்தேவிட்டார். "உன் பொண்ணு சொன்னதை எங்க சங்கத்துல வாசிச்சோம் தெரியுமா? நாப்பது ஆயர்கள். ரெண்டு நாள் விவாதம்."

"எங்க பக்கமும் ஒரு பிரதி வந்துது," என்றார் எவெத்தியோஸ். "மூணு நாள்."

சோதிகோஸுக்குப் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. "என்ன சொன்னாங்க ஆண்டகை?"

"சாபம் போட்டாச்சு," என்றார் பிலாக்ரியோஸ் அன்பாக. "பேர் போடல. பொதுவாத்தான். 'பிதாவுக்கும் வலித்திருக்கும் என்பவன் சபிக்கப்படுவானாக.' எங்க பட்டியல்ல பதினாலாவது."

"எங்களோடதுல பதினொண்ணாவது," என்றார் எவெத்தியோஸ்.

பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். சுருக்கெழுத்துக்காரர்கள் இருவரும் எழுதினார்கள். நான் பாத்திரம் எடுக்க வந்து வந்து போனேன். பேச்சு எனக்குப் புரியவில்லை, ஆனால் குரல்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் எவெத்தியோஸ், சோதிகோஸை அருகில் கூப்பிட்டார்.

"நல்லா கேட்டுக்கோ. நீ ஊத்தினது செல்லும்னு நாங்க சொல்லிட்டா, உன் பொண்ணு சபையோட பிள்ளை ஆயிடறா. சபையோட பிள்ளைன்னா சபையோட சாபம் அவ மேல விழும். சாபத்தோட அவ எங்க போவான்னு உனக்கே தெரியும். செல்லாதுன்னு சொல்லிட்டா, அவ வெளி ஆள். வெளி ஆளை நம்ம சாபம் தொடாது. அதனால அவ மேல இருக்கற இரக்கத்தால, அவளுக்கு ஞானஸ்நானம் ஆகவே இல்லன்னு ரெண்டு பேரும் ஒருமனசா தீர்மானிச்சிருக்கோம்."

"எப்பேர்ப்பட்ட விஷயம் தெரியுமா இது?" என்றார் பிலாக்ரியோஸ். அவர் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு கட்சியும் சேந்து போட்ட ஒரே தீர்மானம்."

எவெத்தியோஸ் மேசைக்குக் குறுக்கே கை நீட்டினார். பிலாக்ரியோஸ் பற்றிக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க அவர்கள் ஒத்துப்போனது என் மகள் விஷயத்தில் மட்டும்தான்.

"ரொம்ப நன்றி ஆண்டகை," என்றார் சோதிகோஸ். பிறகு கேட்டார். "அப்ப அவ எங்க இருக்கா?"

இருவரும் பற்றியிருந்த கையை விட்டார்கள்.

"அது இந்தச் சங்கத்தோட விஷயப் பட்டியல்ல இல்லப்பா," என்றார் எவெத்தியோஸ்.

மறுநாள் கழுதைகள் தேறியதும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டார்கள். சரிவைத் தாண்டுவதற்குள் முன்னால் போன வண்டி பின்னால் வந்த வண்டிக்கு வழிவிட மறுத்து நின்றது என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள்.

நான் அதற்குப் பிறகு ஞானஸ்நானம் கேட்கவில்லை. தோம்னோஸ் இரண்டு தடவை விசாரித்தார். அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன்.

இருபத்திரண்டு வருடங்கள் போயின. எத்தனை சங்கங்கள் நடந்தன என்பதைச் சாலையை வைத்துத்தான் எங்களால் சொல்ல முடியும். எவெத்தியோஸ் படுக்கையில் இறந்தார். பிலாக்ரியோஸ் நாடுகடத்தப்பட்டு எங்கோ இறந்தார் என்று கேள்விப்பட்டோம். பேரரசர்கள் மாறினார்கள். போன வருடம் கோடை முடிவில், தலைநகரில் கூடிய பெரிய சங்கத்திலிருந்து எல்லா ஊர் குருக்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. எங்கள் வண்டியில்தான் வந்தது. தோம்னோஸுக்கு வீடு வரை பொறுக்கவில்லை. ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. முற்றத்திலேயே, கழுதை மேல் ஏறுவதற்குப் போட்டிருந்த கல்லில் நின்று, கடிதத்தை இன்னொரு கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து உரக்க வாசித்தார். நிலையத்து ஆட்கள் எல்லோரும் கூடி நின்றோம்.

அர்த்தம் வந்துவிட்டது.

பிதா, சுதன், ஆவி மூவரும் சமம். ஒருவரைவிட ஒருவர் பெரியவரும் இல்லை, சிறியவரும் இல்லை. தீயும் வெளிச்சமும் போலச் சேர்ந்தே இருப்பவர்கள். நானும் கவனித்துக் கேட்டேன். இவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அழகாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சுதன் இல்லாமல் பிதா இருந்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை," என்று வாசித்தார் தோம்னோஸ். "ஒரு நாளும் இல்லை. கண் இமைக்கும் நேரம்கூடப் பிதா தம் பிள்ளையைப் பிரிந்திருந்ததில்லை. இனியும் பிரிந்திருக்கமாட்டார்."

சோதிகோஸ் கொஞ்சம் தள்ளி ஒரு கழுதையின் முதுகுப் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. ஏதோ முணுமுணுத்தார்.

தோம்னோஸ் கடிதத்தைத் தாழ்த்தினார். "என்ன சொன்ன சோதிகோஸ்?"

"ஒண்ணுமில்ல சாமி."

"இல்ல, பிதாவைப் பத்தி ஏதோ சொன்ன. இதைக் கேட்டுட்டு யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி அனுப்பணும்னு கீழ போட்டிருக்கு. மறைக்காம சொல்லு."

சோதிகோஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொடுத்து வச்சவர்னு சொன்னேன்."

தோம்னோஸ் கடிதத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோய், மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.